கொம்பு சுட்ட கை

சித்த இருங்க, உக்காந்துறாதீங்க. அந்த ஓரத்தை ஒருக்கா தொடச்சுட்டா ஆச்சு. காலையில யாரோ வாந்தி எடுத்திருக்காங்க. கழுவித்தான் உட்டிருக்காங்க, உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு வராத வாடையெல்லாம் எனக்கு வருமுங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான். ம், இப்ப உக்காருங்க. வெள்ளகோயிலுங்களா? நான் தாராபுரம் போயி வண்டி மாறி, குண்டடம் போகோணும்.

எங்கூட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போலாம்னு சிவகிரிக்கு வந்தனுங்க. மச்சினன் வூட்டுல இருக்கறா, ரெண்டு மாசமா. ஆமாங்க, தனியாத்தான் திரும்பிப் போறேன். வரமாட்டேன்னுகூட அவ சொல்லலீங்க. சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு வந்திருப்பேன். அவ வேற ஒண்ணு கேட்டா. அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்க.

எம் பேரு தெய்வசிகாமணி. மில்லுல இருபத்தெட்டு வருசம் ஸ்டோர் பாத்தவன். என்ர ஸ்டோர்ல ஒரு நட்டு எடம் மாறி இருக்காது, தரையில ஒரு சொட்டு ஆயில் இருக்காது. ரிட்டயர்டு ஆனதும் ரெண்டரை ஏக்கராவுல பண்ணை போட்டேன். ஆறு மாடு, கலப்பு ஜெர்சி. இருவது வெள்ளாடு. ஆட்டுக்குத் தரையில பட்டி இல்லீங்க, ஆளு ஒசரத்துக்குப் பரண் கட்டி, பலகை எடைவெளியில புழுக்கையெல்லாம் கீழ உழுகற மாதிரி. சுத்தமா இருக்குமுங்க. வந்து பாக்கறவங்க செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போவாங்க.

நாலு வருசத்துக்கு முந்தி, தவுடு வைக்கக் குனிஞ்சப்ப ஒரு மாடு தலையை ஒரு ஆட்டு ஆட்டுச்சு. கொம்பு தொடையில ஏறிருச்சு. மூணு விரல் ஆழம். ஒன்றரை மாசம் படுத்த படுக்கை. புண்ணு சீழ் புடிச்சுருச்சுங்க. அந்த வாடை இருக்குதே, என்ர தொடைதான், எனக்கே ஆகலை. மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவேன். என்ர சம்சாரந்தான் தெனமும் சீழை எடுத்துட்டுக் கட்டு மாத்துனா. அதைச் சொல்லித்தான் ஆகோணும், அதுக்கெல்லாம் மொகம் சுளிக்க மாட்டா. துளசிமணிக்கு அந்த அருவருப்புங்கறதே கெடையாதுங்க. அன்னைக்கே நான் யோசிச்சிருக்கோணும்.

படுக்கையில கெடந்தப்பவே முடிவு பண்ணிட்டேன். இனி நம்ம பண்ணையில பொறக்கற எதுக்கும் கொம்பு இருக்கக்கூடாது. ஆடுகளும் அப்படித்தானுங்க, பரண்ல நெருக்கமா இருக்கறப்ப ஒண்ணை ஒண்ணு முட்டிச் செனை கலைஞ்சிருது. ஒரு ஆராய்ச்சி நெலையத்துல ரெண்டு நாள் பயிற்சி குடுத்தாங்க. ரெண்டு பேருமே போனோம்.

கன்னுக்குட்டிக்கு ரெண்டு மாசத்துக்குள்ள செஞ்சறோணும், வெள்ளாட்டுக் குட்டிக்குப் பத்து நாளுக்குள்ள. கொம்பு மொளைக்கற எடத்துல குருத்து இருக்குமுங்க, தடவுனா சுண்டக்காயாட்ட தட்டுப்படும். அதைச் சுத்தி முடியை வெட்டிட்டு, கரண்டுல பழுக்கற கம்பியை அது மேல வச்சு ஒரு சுத்து சுத்தோணும். சுத்தியும் செம்பு நெறத்துல வளையம் விழுந்தா முடிஞ்சுது. ஆயுசுக்கும் கொம்பு வராது. அங்க இருந்த டாக்டரு மொதல்ல கன்னுக்கு மரத்துப்போற ஊசி போட்டாரு. பத்து நிமிசம் உட்டுட்டுக் கம்பியை வச்சாரு. கன்னு சும்மாதான் நின்னுச்சு.

ஆனா அந்தப் பொகை. முடியும் தோலும் ஒட்டுக்கா கருகற வாடை. நான் வெளிய ஓடிப் போயி வேப்ப மரத்தடியில வாந்தி எடுத்துட்டேன். திரும்பி வந்து பாக்கறேன், இவ மொத ஆளா நின்னுக்கிட்டு, "எத்தனை நேரம் வைக்கோணுங்க சார், ஆட்டுக்குட்டிக்கு மண்டை மெலிசா இருக்குமேங்க சார்"ன்னு கேட்டுட்டு இருக்கறா. அந்த டாக்டரு, "இந்தம்மாளுக்கு நல்ல கை"ன்னு சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க. பொம்பளைக்கு இதுல எப்படிங்க நல்ல கை வரும்?

கம்பி வாங்கியாந்தாச்சு. யாரு செய்யறது? என்னால முடியாது. எனக்கு எளகுன மனசுங்க. கோழி அறுத்தாக்கூட அந்தப் பக்கம் நிக்க மாட்டேன். அதனால அவதான் செஞ்சா. நான் மோட்டார் ரூமுக்குப் போயி மோட்டாரைப் போட்டுட்டு நின்னுக்குவேன். கத்தறது காதுல உழுகக் கூடாதுல்ல. ஆட்டுக்குட்டி கத்தறதைக் கேட்டிருக்கீங்களா? அப்படியே பச்சைக் கொழந்தை கத்தறாப்பல இருக்குமுங்க. கதவைச் சாத்திக்கிட்டு, மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, அவ வந்து "ஆச்சுங்க மாமா"ன்னு சொல்ற வரைக்கும் நிப்பேன். சில நாளு தண்ணி வாய்க்கால் நெம்பி ரோட்டுக்கே போயிரும்.

ஊசியா? அதைத்தானுங்க அவளும் கேட்டா. ஒவ்வொரு தடவையும். "ஏனுங்க மாமா, டாக்டரைக் கூப்புட்டு ஊசி போட்டுக்கலாமுங்க. பாவமா இருக்குது, துடிக்குது"ம்பா. டாக்டருன்னா அவரு வர்ற நேரம் வரைக்கும் காத்திருக்கோணும். ஊரெல்லாம் சீக்கு மாட்டை மிதிச்ச பூட்ஸோட நம்ம கட்டுத்தரைக்குள்ள வருவாரு. அந்தச் சாணி, அந்தக் கெருமி. நான் எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்! "ஒரு நிமிச வேலைக்கு என்னத்துக்குடி டாக்டரு? நீ வெரசாச் செஞ்சறே, அது போதும்"னு சொல்லிருவேன். அவளும் குட்டியைக் கால் நடுவுல இடுக்கிக்கிட்டுச் செய்வா.

அப்பறம் என்ன ஆச்சுன்னா, எனக்கு அவ கையைப் பாத்தாலே கொமட்ட ஆரம்பிச்சுருச்சு.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். மொத நாளு அவ செஞ்சு முடிச்சுட்டு வந்து எனக்குச் சோறு போட்டா. ரசத்தை ஊத்துறா, ரசத்துல அந்த வாடை. கருகுன முடி வாடை. தட்டத்தைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். "கை கழுவுனயா"ன்னு கேட்டேன். "ரெண்டு தடவை கழுவுனனுங்க"ன்னா. அடுத்த தடவை எலுமிச்சம்பழம் தேச்சுக் கழுவுனா. அதுக்கடுத்து சீயக்காய், மஞ்சள்னு போட்டா. எதுவும் ஆகலை. ஆனா அவளைப் பாருங்க, கொம்பு சுட்ட கையோட வந்து உக்காந்து, பழைய சோத்தைப் பெசைஞ்சு, ஒரு வாய் உடாமத் தின்னுட்டுப் போறா! எப்படிங்க எறங்கும்? எனக்கு அந்தப் பக்கம் பாக்கவே முடியலை. "காலையில இருந்து வேலை செஞ்சனுங்க, பசிக்குது"ன்னு சொல்றா.

நான் குண்டடத்துல மெஸ்ல சாப்புட ஆரம்பிச்சுட்டேன். கொம்பு சுடற வாரம் மட்டுந்தான். அப்பறம் மாசத்துல பாதி நாளு ஆயிப்போச்சு, ஆடு குட்டி போட்டுக்கிட்டே இருக்குமல்லங்க. அவ படுக்கையையும் வாசப் பக்கத்து ரூமுக்கு மாத்திக்கச் சொல்லிட்டேன். சண்டையில்லீங்க. ஒரு வார்த்தை கெட்ட வார்த்தை பேசியிருப்பனா? கை நீட்டியிருப்பனா? எங்க சாதி சனத்துல போயிக் கேட்டுப் பாருங்க. வாடை ஆகலைன்னா மனுசன் என்ன பண்ணுவான்?

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. சுட்டு முடிச்சுட்டு அவளே போயி குட்டிக பக்கத்துல உக்காந்து மருந்து தடவிக்கிட்டு இருப்பா. சுடறதும் அவ, தடவறதும் அவ. என்ன வேசம்! ஆனா குட்டிக ஏமாறலீங்க. முன்னெல்லாம் அவ சத்தம் கேட்டாலே பரண்ல இருந்து எட்டிப் பாக்குமுங்க, முந்தானையைச் சப்பும். அப்பறம் அவ கையைத் தூக்குனாலே ஓடிப் போயி மூலையில நின்னுக்கும். எங்கிட்ட வந்து ஒரசும். வாயில்லாச் சீவனுக்குத் தெரியுமுங்க யாருக்கு மனசு இருக்குது, யாருக்கு இல்லைன்னு. அதை ஒரு நாள் அவகிட்டயே சொன்னேன். குட்டிகளைப் பாத்துக்கிட்டே நின்னா. "ஆமாங்க மாமா, உங்ககிட்டத்தான் வருதுங்க"ன்னா. அவ்வளவுதான்.

இந்த வருசம் தை மாசம் ஒரு தப்பு நடந்து போச்சு. அதுக்கு முந்தி செஞ்ச ரெண்டு குட்டிக்கு ஓரத்துல கோணலாக் கொம்பு திரும்ப மொளைச்சிருந்துச்சு. எனக்கு எரிச்சலுங்க. செய்யறதைச் சுத்தமாச் செய்ய வேண்டாமா? புதுசா ஒரு கெடாக்குட்டி, எட்டு நாளு, வெள்ளையும் செவலையுமா. அன்னைக்குக் கரண்டு இருந்துச்சு, மோட்டாரு ரிப்பேரு. அதனால பரணுக்குப் பின்னால செவுத்து ஓரமா நின்னுட்டு இருந்தேன். "ஆச்சுங்க"ன்னு அவ சொன்னா. நான், "இன்னும் வையி. போன தடவையாட்ட ஆயிரப் போகுது"ன்னேன். "மண்டை மெலிசுங்க மாமா, போதுமுங்க"ன்னா. "வையிடி, நல்லா அழுத்தி வையி"ன்னு கத்துனேன். குட்டி கத்துன கத்துல எனக்குத் தலையே சுத்திப் போச்சு, அதனால இன்னும் சத்தமாக் கத்திட்டேன்னு நெனைக்கறேன். அவ வச்சா.

மறுநாள் அந்தக் குட்டி ஒரே பக்கமா வட்டம் போட்டுட்டே இருந்துச்சு. பால் குடிக்கலை. செவுத்துல போயி நெத்தியை முட்டிக்கிட்டு அப்படியே நின்னுச்சு. மூணாம் நாள் செத்துப் போச்சு. அவ மடியிலயே வச்சிருந்தா. நான் பாக்கலீங்க, என்னால பாக்க முடியலை. சொன்னேனல்லங்க, எனக்கு எளகுன மனசு.

நான் சொன்னா, அவளுக்குப் புத்தி எங்க போச்சு? கம்பி யாரு கையில இருந்துச்சு?

அடுத்த வாரம் பேத்திக்குப் பேரு வைக்கற விசேசம், திருப்பூர்ல. எங்களுக்கு ஒரே புள்ளைங்க, நிவேதா. தலைப் பிரசவம், மொறைப்படி நம்மூட்டுக்குத்தான் கூட்டிட்டு வரோணும். கட்டுத்தரை வாடையில பச்சைக் கொழந்தை எதுக்குன்னு நான்தான் அங்கயே இருக்கட்டும்னுட்டேன். சம்மந்தியம்மா தங்கமான மனுசி, நல்லாப் பாத்துக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்ததோட சரி, இவ கொழந்தையைத் தொட்டதில்லை. முப்பது நாளா நாளை எண்ணிக்கிட்டு இருந்தா. வெள்ளி அரைஞாணு, வேப்பெண்ணெய், வசம்பு வளையலுன்னு என்னென்னமோ கட்டி எடுத்துட்டு வந்தா.

வூடு நெறைய ஒறம்பரை சனம். சம்மந்தியம்மா கொழந்தையைத் துணியில சுத்திக் கொண்டாந்து, "அம்மாயிகிட்டப் போலாமா"ன்னு கொஞ்சிக்கிட்டே நீட்டுனாங்க. இவ ரெண்டு கையையும் நீட்டிட்டா. நான் சொன்னேன். சுத்தத்துக்காகத்தானுங்க சொன்னேன். "ஏ, போயி நல்லாக் கையைக் கழுவிட்டு வந்து வாங்கு. போன வாரந்தான் ஒரு குட்டியைச் சுட்டுக் கொன்ன கை." சிரிச்சுட்டேதான் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கலை.

சம்மந்தியம்மா கொழந்தையைப் பின்னால இழுத்துக்கிட்டாங்க. "கொன்னாங்களா? எதுக்குங்க சம்மந்தி?"ன்னாங்க. கேட்டா சொல்லோணுமல்லங்க. கம்பி, குருத்து, பொகை, மூணு நாளு வட்டம் போட்டது எல்லாம் சொன்னேன். பொம்பளைகெல்லாம் வாயில கையை வச்சுக்கிட்டாங்க. ஒரு அம்மா, "அய்யோ, எப்படித்தான் மனசு வந்துச்சோ"ன்னுச்சு. எல்லாரும் இவளைத்தான் பாத்தாங்க. இவ நீட்டுன கையை மடக்காம அப்படியே நின்னா. அப்பறம் பின்னால போயிக் கையைக் கழுவிட்டு வந்தா. ரொம்ப நேரம் கழுவுனா, தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வந்து பாத்தப்ப கொழந்தையைத் தொட்டில்ல போட்டிருந்தாங்க. "தூங்கிருச்சுங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க"ன்னு சம்மந்தியம்மா சொன்னாங்க. கொழந்தை முழிச்சுட்டுத்தான் இருந்துச்சு. நிவேதா குனிஞ்ச தலை நிமிரலை.

ராத்திரி வூடு வந்து சேந்தோம். காத்தால எந்திரிச்சு ஆறு மாட்டையும் கறந்து, கேன்ல ஊத்தி, சோறாக்கி வச்சுட்டு, "நான் சிவகிரி போறனுங்க"ன்னா. எப்ப வருவேன்னு கேட்டேன். பையை எடுத்துட்டு எறங்கிட்டா.

பொம்பளை இல்லாத வூடு நாறிப் போச்சுங்க. கறக்க ஒரு அம்மா வருது, மத்ததெல்லாம் நான்தான். இதுல ஒரு கன்னுக்கு ஒன்றரை மாசம் ஆயிருச்சு, குருத்து தெரிய ஆரம்பிச்சுருச்சு. வேற வழியில்லாம மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒரு டாக்டரம்மா வந்துச்சு, சின்ன வயசு. வாசல்லயே பூட்ஸை மருந்துத் தண்ணியில நனைச்சுட்டுத்தான் உள்ள வந்துச்சு. அது நல்ல பழக்கமுங்க. "கன்னைப் புடிச்சுக்கங்க"ன்னுச்சு. "நானா?"ன்னேன். "வேற யாரு இருக்காங்க?"ன்னுச்சு.

மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டுப் புடிச்சனுங்க. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல ஊசி போட்டுச்சு. சித்த நேரம் உட்டுச்சு. கம்பியை வச்சுச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். கத்தும் கத்தும்னு பாக்கறேன், கத்தலை. என்ர கையில கன்னுக் காது இருந்துச்சு, அது ஒருக்கா ஆடுச்சு, அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு. டாக்டரம்மா கம்பியைத் தொடச்சுக்கிட்டே கேட்டுச்சு, "மத்ததுக்கெல்லாம் யாருங்க செஞ்சது? நல்லாச் செஞ்சிருக்காங்களே."

"என்ர சம்சாரம்"னேன்.

"ஊசி யாரு வந்து போட்டாங்க?"

"யாரும் போடலை"ன்னேன்.

அந்தப் புள்ளை நிமிந்து பாத்துச்சு. மொகம் அப்படியே சுளிச்சுப் போச்சு, சாக்கடையில காலை வச்ச மாதிரி. "மரத்துப்போக ஊசி போடாமயா? இத்தனைக்குமா? அந்தம்மாளுக்கு மனசாட்சியே இல்லீங்களா?"ன்னுச்சு.

நான் என்ன சொல்றது? "அவ அப்படித்தானுங்க"ன்னு சொல்லிட்டேன். வேற ஒண்ணும் தோணலை அந்நேரத்துக்கு.

அன்னைக்கு நானே சமைச்சு உக்காந்தேன். கையைத் தூக்கி வாய்க்குக் கொண்டு போறேன், அதே வாடை. கம்பியை நான் தொடவே இல்லீங்க, காதைத்தான் புடிச்சேன். மூணு சோப்புப் போட்டுக் கழுவினேன். கறக்க வர்ற அம்மாகிட்டக் கையை நீட்டி, "மோந்து பாரு"ன்னேன். "சோப்பு வாசந்தானுங்க வருது"ன்னுச்சு. அப்ப அது எங்க இருக்குதுங்க? அவ கையிலயும் இல்லாம இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம்னுதான் சொல்றேன், எனக்கென்ன தெரியும்? பத்து நாளாக் கரண்டியிலதான் சாப்புடறேன்.

அதான் இன்னைக்கு வந்தேன். போனதையெல்லாம் மறந்தரலாம்னு பெருந்தன்மையாத்தானுங்க வந்தேன். மச்சினன் தோட்டத்துல மஞ்சள் வேக வச்சுக் காயப் போட்டிருக்காங்க. இவ களத்துல உக்காந்து கெழங்கு வேற வெரலி வேறன்னு பிரிச்சுட்டு இருந்தா. கையெல்லாம் மஞ்சள். எளைச்சுத்தான் போயிருக்கறா. "கெளம்பு, போலாம்"னேன். "இனி டாக்டரம்மாளே வந்து செஞ்சுரும், நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்"னேன். அதுல சந்தோசப்படுவான்னு நெனைச்சேன்.

கேட்டுட்டு, கையை ஒதறிட்டு எந்திரிச்சா. "வர்றனுங்க மாமா. ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. சம்மந்தியம்மாளுக்குப் போனைப் போடுங்க"ன்னா.

"என்னத்துக்கு?"

"ஊசி வேண்டாம்னது நீங்க. போதும்னு நான் சொல்லச் சொல்ல, இன்னும் அழுத்தி வையின்னு கத்துனது நீங்க. அதைச் சொல்லுங்க. வச்சது நான்தான். நான் இல்லைங்கலை. என்ர பங்கை நான் எங்க வேணாலும் சொல்லிக்குவேன். உங்க பங்கை நீங்க சொல்லுங்க."

சத்தம் போடலீங்க. அழுகலை. கல்யாணம் ஆயி முப்பத்தியொரு வருசத்துல அவ எங்கிட்ட இத்தனை நீளமாப் பேசுனது அன்னைக்குத்தான். அன்னைக்கென்ன, இன்னைக்குத்தான், ஒரு மணி நேரம் முந்தி.

போட்டனுங்க. நெசமாவே போட்டேன். ஸ்பீக்கர்ல போடச் சொன்னா, போட்டேன். சம்மந்தியம்மா எடுத்து, "சொல்லுங்க சம்மந்தி, நல்லா இருக்கீங்களா, மாடு கன்னெல்லாம் சொகங்களா"ன்னு அன்பாக் கேட்டாங்க. அந்த வூட்டுல எனக்கு எவ்வளவு மரியாதை தெரியுங்களா? போனா மாப்பிள்ளை எந்திரிச்சு நிப்பாரு. நான் வாயைத் தொறந்தேன். இவ எதுத்தாப்பல நின்னு என்ர வாயையே பாத்துட்டு இருக்கறா. "கொழந்தை தூங்குதுங்களா?"ன்னு கேட்டேன். "இப்பத்தான் பால் குடிச்சுதுங்க"ன்னாங்க. "செரிங்க, சும்மாதான் கூப்புட்டேன்"னு சொல்லிக் கட் பண்ணிட்டேன்.

இவ திரும்பவும் குத்துக்கால் வச்சு உக்காந்து மஞ்சளைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டா. "வெய்யிலு ஏறிருச்சு, சாப்புட்டுட்டுப் போங்க"ன்னு மட்டும் சொன்னா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

இப்ப சொல்லுங்க, இது நியாயமா? பெத்த புள்ளையோட மாமியாகிட்டப் போயி, நான்தான் அப்படின்னு எப்படிங்க சொல்றது? உங்ககிட்டச் சொல்லலாம், நீங்க யாரோ நான் யாரோ. ஒளிவு மறைவில்லாம எல்லாத்தையும் சொல்லிட்டேன். எம் மேல தப்பு இருந்தா இத்தனையும் சொல்லியிருப்பனா?

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? முத்தூரே இன்னும் தாண்டலீங்களே. முன்னால எடம் இருக்குதுங்களா? செரிங்க, செரிங்க, போயி உக்காருங்க. அங்க டிரைவர் பக்கம் காத்து நல்லா வரும். எனக்கே இங்க பொழுக்கமாத்தான் இருக்குது.

பாத்துங்க, அந்தச் சீட்டையும் ஒருக்கா தொடச்சுட்டு உக்காருங்க.